பத்து வயதுக் கணினியும் பதினொன்றாம் விண்டோஸும்

விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. 2015 ஜூலை 29-இல் வெளிவந்த இயங்குதளம் அது. பத்தாண்டுகளுக்குச் சற்று மேல் ஓடிவிட்டது. அக்டோபர் 15 காலையில் எந்தக் கணினியும் படுத்துவிடவில்லை. பொத்தானை அழுத்தியதும் திரை வந்தது, டேலி திறந்தது, பிரிண்டர் ஓடியது. சிக்கலே அதுதான். படுத்துவிட்ட கணினியைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை. நன்றாக ஓடுகிற ஒன்றைக் காட்டி, இதன் காலம் முடிந்தது என்று அந்த இயங்குதளத்தை விற்றவரே சொல்லும்போது, அதை எவ்வளவு தூரம் காதில் போட்டுக்கொள்வது?

பலர் போட்டுக்கொள்ளவில்லை. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, ஸ்டாட்கவுன்ட்டர் என்ற புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்கின்படி விண்டோஸ் 10-ஐப் பயன்பாட்டில் முந்தியது 2025 ஜூலையில்தான். கானலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே ஒரு கணிப்பை வெளியிட்டது: விண்டோஸ் 11-க்கு ஏற முடியாததால் ஏறக்குறைய 24 கோடிக் கணினிகள் மறுவிற்பனை மதிப்பை இழந்து குப்பைக்குப் போகக்கூடும். கணிப்பு கணிப்புதான். ஆனால் கோடிக்கணக்கான கணினிகள் இந்தக் கேள்விக்கு முன் நிற்கின்றன என்பதில் ஐயமில்லை.

நம் ஊர் சர்வீஸ் கடையில் கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, "ஃபார்மட் அடிச்சு லெவன் போட்டுத் தந்துடறேன் சார்". இன்னொன்று, "இது ரொம்பப் பழைய மாடல், புதுசு பாத்துக்குங்க". இரண்டுமே கணினியின் வயதை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. அதில் என்ன வேலை நடக்கிறது, வேறு எவற்றோடு அது இணைந்திருக்கிறது, எந்தப் பழைய மென்பொருளை அது சுமந்துகொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை அந்த மூன்றும்தான்.

கோடு கிழித்த விதம்

2021 ஜூன் 24-இல் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது அதன் அடிப்படைத் தேவைகள் எளிமையாகவே இருந்தன. 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரு கோர் கொண்ட 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம். 2010-இல் வாங்கிய கணினிகள் பலவற்றில்கூட இவை உண்டு. தடுத்து நிறுத்தியவை வேறு: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி கிளம்பும் நிலையைக் காக்கும் செக்யூர் பூட் வசதி, மைக்ரோசாஃப்டின் ஏற்புப் பட்டியலில் இடம்பெற்ற செயலி. இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல், அதாவது 2017-இன் பிற்பாதியிலிருந்து வந்தவை. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல்.

இதற்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணங்களில் சரக்கு இருக்கிறது. மறையாக்கச் சாவிகளை ஹார்ட் டிஸ்கில் வைக்காமல் தனிச் சில்லுக்குள் பூட்டி வைப்பது டிபிஎம். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் தீநிரல் நுழையாமல் காக்கும் ஒரு காவலை விண்டோஸ் 11 மெய்நிகர் முறையில் நடத்துகிறது. அதற்கு வன்பொருள் துணை இல்லாத பழைய செயலிகளில் அந்த வேலை முழுவதையும் மென்பொருளே செய்தாக வேண்டும், வேகம் குறையும். சோதனைக் காலத்தில், தகுதியில்லாக் கணினிகளில் கெர்னல் அளவிலான முடக்கங்கள் 52 விழுக்காடு கூடுதலாக இருந்ததாகவும் நிறுவனம் தெரிவித்தது.

ஆனால் பட்டியலைச் சற்று ஊன்றிப் பார்த்தால் கோடு நேராக இல்லை என்பது புலப்படும். மேற்சொன்ன வன்பொருள் துணை இன்டெல்லின் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது; அந்தத் தலைமுறையில் பெரும்பாலானவை பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. ரைசன் 2000-இல் அந்தத் துணை கிடையாது. அது உள்ளே இருக்கிறது. ஏழாம் தலைமுறையிலிருந்து விதிவிலக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு செயலி, மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கணினியில் இருந்தது. பாதி பொறியியல், பாதி வியாபாரம் என்று இதை எடுத்துக்கொள்வதே நியாயம். எனவே 'தகுதியில்லை' என்று திரையில் வருவதைக் கணினியின் இறப்புச் சான்றிதழாக எண்ண வேண்டியதில்லை.

தகுதி இருந்தும் இல்லை என்று காட்டும் கணினிகளும் நிறைய. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கணினியில் 'டிபிஎம் இல்லை' என்று வந்தால், பெரும்பாலும் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினியில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கிவிட்டால் போதும். ஒரே எச்சரிக்கை: வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கை வைப்பதற்கு முன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அமைப்பு மாறியதும் கணினி அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான்.

திருத்தம் நின்றால் என்ன ஆகும்?

இதற்கு 2017-இன் வானாகிரை தாக்குதலைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அந்தக் கதை வழக்கமாகத் தவறாகவே சொல்லப்படுகிறது. விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-இல் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14-இல் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து களவுபோனது எனக் கருதப்படுவது, பொதுவெளியில் கசிந்தது. மே 12-இல் வானாகிரை புழு உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 சிகிச்சை முன்பதிவுகள் ரத்தாகியிருக்கலாம் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வெளியிட்டது.

பழி முழுவதும் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி மீது விழுந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளை காஸ்பர்ஸ்கை நிறுவனம் ஆராய்ந்தபோது ஏறக்குறைய 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்று தெரிந்தது. அப்போது விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன, திருத்தமும் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போட்டுக்கொள்ளாததுதான் குறை. எக்ஸ்பி கணினிகள் பல அந்தப் புழு நுழைய முயன்றதும் நீலத்திரை காட்டி நின்றுபோயின, அவ்வளவே.

இதை நம் அலுவலகங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். "அப்டேட் வந்தா சிஸ்டம் ஸ்லோ ஆயிடும்" என்று சொல்லி, நிறுவிய அன்றே அதை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கிராக் போட்ட விண்டோஸ் என்றால் இன்னும் மோசம். அந்தக் கிராக் நிரல் வேலை செய்யவே முதலில் வைரஸ் காவலை அணைக்கச் சொல்லும். இப்படிப்பட்ட கணினிக்கு 2025 அக்டோபர் 14 ஒரு பொருட்டே அல்ல. அதன் ஆதரவு, வாங்கிய அன்றே முடிந்துவிட்டது. அதில் விண்டோஸ் 11-ஐயும் அதே வழியில் ஏற்றினால் எண் மட்டும்தான் மாறும்.

மறுபக்கம், ஆதரவு நின்ற இயங்குதளத்தின் ஆபத்து நாளாக நாளாக ஏறும் என்பதும் உண்மை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பெரும்பகுதி நிரல் ஒன்றே. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று விண்டோஸ் 11-க்குத் திருத்தம் வருகிறது. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று விவரம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். அதே ஓட்டை திருத்தப்படாத விண்டோஸ் 10-இல் திறந்தே கிடக்கும். புதியதைக் காக்கும் மருந்தே பழையதைத் தாக்க வழி காட்டுகிறது.

பணம் புழங்கும் இடத்தில் இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2018 ஜூன் சுற்றறிக்கை சான்று. ஆதரவு முடிந்து நான்கு ஆண்டுகளாகியும் ஏடிஎம்கள் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு, செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, அடுத்த மார்ச்சுக்குள் முக்கால்வாசி, 2019 ஜூனுக்குள் முழுவதும் என்று கெடு வைத்தது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுகிற தனியாளும் தனக்கு அப்படியொரு கெடு வைத்துக்கொள்ளலாம்.

உலாவியின் கெடு வேறு

இயங்குதளத்தின் கெடுவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டுக் கணினிக்கு உண்மையில் கழுத்தைப் பிடிக்கும் கெடு உலாவியினுடையது. எக்ஸ்பிக்கு 2014-இல் ஆதரவு நின்றது. குரோம் அதில் 2016 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் நின்றது. அதற்குரிய கடைசிக் குரோம் 109-ஆம் பதிப்பு, 2023 தொடக்கத்தோடு முடிந்தது. அதற்குப் பின் என்ன நடக்கும் என்று விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தளமாக 'உங்கள் உலாவி பழையது' என்று கதவைச் சாத்தத் தொடங்கும். படிவத்தை முழுக்க நிரப்பிய பிறகு 'சமர்ப்பி' பொத்தான் அசையாமல் நிற்கும்.

விண்டோஸ் 10-இல் இயங்குதளத்தைத் தவிர மற்றவற்றின் நிலை அந்த அளவுக்கு மோசமில்லை. டிஃபெண்டரின் வைரஸ் விவரப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும். மைக்ரோசாஃப்ட் 365 மென்பொருள்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் அதே மாதம் வரை உண்டு. இவை இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்காது என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு தேதியும் உண்டு: செக்யூர் பூட்டுக்காக 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வருபவை. திருத்தம் பெறாத கணினிக்கு அவையும் இல்லை. கணினி கிளம்பாமல் போகாது, ஆனால் தொடக்க நிலைக் காவல் அங்கேயே உறைந்து நிற்கும்.

இடைக்காலத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்பைத் தந்தது. 22எச்2 பதிப்பில் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம். 30 டாலர் கட்டலாம், அல்லது ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசமாகவே பெறலாம். ஒரு கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியினருக்கு ஒத்திசைவு நிபந்தனைகூட இல்லாமல் இலவசம். அங்கே நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டதன் பலன்.

நிறுவனங்களுக்கு இதே நீட்டிப்பு மூன்றாண்டுகள் உண்டு. கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், ஆண்டுக்காண்டு இரட்டிப்பு. பள்ளி கல்லூரிகளுக்கு 1, 2, 4 டாலர் மட்டுமே. தொழிற்கருவிகளில் பொருத்தப்படும் எல்டிஎஸ்சி பதிப்பு ஒன்றுக்கு 2032 ஜனவரி வரை திருத்தம் வரும். இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. திருத்தங்களை எழுதும் வேலை நிற்கவில்லை. எழுதப்பட்ட திருத்தத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. 'பழைய இயங்குதளத்தைப் பாதுகாக்க முடியாது' என்ற பேச்சை இந்த விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

'ஸ்லோவா இருக்கு' என்பவர்களுக்கு

மேம்படுத்தக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்புக்காகக் கேட்பதில்லை. வேகத்துக்காகக் கேட்கிறார்கள். புதிய இயங்குதளம் பழைய கணினியை வேகமாக்கும் என்பது அரிதாகவே உண்மை.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். 'டிஸ்க்' என்ற இடத்தில் 100 விழுக்காடு என்று சிவந்து நின்றால் நோய் ஹார்ட் டிஸ்கில். சுழலும் தட்டுக் கொண்ட வட்டு, ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு நூறு அளவில்தான் படித்துத் தரும். சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் தரும். கணினி கிளம்புவது, மென்பொருள் திறப்பது எல்லாம் இந்தச் சிறு துண்டுகளைப் படிக்கும் வேலையே. அதனால்தான் நான்காம் தலைமுறை ஐ3 கணினியில் எஸ்எஸ்டி மாட்டியதும் ஆள் மாறிப்போன மாதிரி ஓடுகிறது. 'மெமரி' நிரம்பி வழிந்தால் ரேம் போதவில்லை. 4 ஜிபியில் உலாவியில் ஆறேழு தாவல்கள் திறந்தாலே மூச்சு முட்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய டிடிஆர்3 ரேம் இன்னும் கிடைக்கிறது. மடிக்கணினி என்றால் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்தச் செலவு எந்த முடிவுக்குப் போனாலும் வீணாகாது. விண்டோஸ் 10-இல் தொடர்ந்தாலும், 11-க்கு ஏறினாலும், லினக்ஸுக்கு மாறினாலும் எஸ்எஸ்டி வேண்டும். அதனால் இயங்குதளம் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

ஃபாக்ஸ்ப்ரோவும் பேஜ்மேக்கரும்

இனி, மேம்படுத்தவே கூடாத கணினிகள். இவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் இவை நிறைய.

மொத்த மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில் போடும் நிரல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ உள்ளூர்க்காரர் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. சுட்டியைத் தொடாமல் விசைகளை மட்டும் தட்டி, கல்லாவில் இருப்பவர் நிமிடத்தில் பில்லை முடிப்பார். தடித்த பேரலல் கேபிளில் டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டர், கார்பன் தாள். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. இந்த நிரல் 32 பிட் விண்டோஸில் ஓடும். அதில் பழைய டாஸ் நிரல்களுக்கென ஒரு தளம் இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. 32 பிட் பதிப்பு கொண்ட கடைசி விண்டோஸ் என்பது விண்டோஸ் 10-தான். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். ஆகவே 'லெவன் போட்டுத் தரேன்' என்று கிளம்புகிறவர், கடைக்காரரின் பில் புத்தகத்தைக் கிழித்துப் போடுகிறார் என்றே பொருள். டாஸ்பாக்ஸ் போன்ற பாவிப்பு நிரல்களில் ஓட்டலாம். ஆனால் அந்தப் பிரிண்டரில் வரிகள் சரியாக விழும்வரை மல்லுக்கட்ட ஓர் ஆள் வேண்டும்.

அச்சுத் தொழிலில் கதை இன்னும் சிக்கல். அடோபி பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பான 7.0 வந்தது 2001-இல். தமிழ் டிடிபி கூடங்கள் பல அதிலேயே வளர்ந்தவை. ஆண்டுக்கணக்கில் அடித்த நூல்கள், மலர்கள், திருமண அழைப்பிதழ் மாதிரிகள் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகளாக, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் அந்தக் கோப்புகளைத் திறந்தன. சந்தா முறையில் வரும் இன்றைய இன்டிசைன் திறப்பதில்லை. எழுத்துருத் தொகுப்புகள் சில, கணினியில் செருகும் பூட்டுச் சாவியோடு விற்கப்பட்டவை. அந்தச் சாவிக்குரிய டிரைவர் புதிய விண்டோஸில் ஏறவில்லையென்றால் எழுத்துருவும் இல்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றிய பின் வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்தாக வேண்டும் என்பதை அந்த வேலையைச் செய்தவர்கள் அறிவார்கள்.

இப்படிப்பட்ட கணினியை அப்படியே உறைய வைப்பதுதான் அறிவு. ஆனால் உறைய வைப்பது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதல்ல. இணையக் கேபிளைப் பிடுங்க வேண்டும், வைஃபையை முடக்க வேண்டும். அலுவலகத்தின் மற்றக் கணினிகளோடு கோப்புப் பகிர்வு கூடாது. வானாகிரை பரவியது அந்த வழியில்தான். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் திருத்தங்கள் வரும் வேறொரு கணினியில் சோதித்துவிட்டே இதில் செருக வேண்டும். முழு வட்டையும் நகலெடுத்து இன்னொரு வட்டில் வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் ஹார்ட் டிஸ்க் என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. இன்னும் ஒரு படி போகலாம்: மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி கருவியால் அந்தக் கணினி முழுவதையும் ஒரே கோப்பாக்கி, புதிய கணினிக்குள் மெய்நிகர்க் கணினியாக ஓட்டலாம். இரும்பு போனாலும் நிரல் பிழைக்கும்.

லினக்ஸ் யாருக்கு?

விண்டோஸ் 11 மறுத்த கணினிக்கு லினக்ஸ் போடுங்கள் என்பது தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் வழக்கமான பதில். நல்ல பதில்தான், எல்லோருக்கும் அல்ல. உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை இலவசத் திருத்தங்கள் உண்டு. அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22-க்கும் அவ்வாறே. விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் அந்நியமாக இருக்காது. உலாவி, காணொளி, லிப்ரே ஆபிஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் ஒழுங்காக நடக்கும். படிக்கிற பிள்ளைகளுக்கும், செய்தி பார்த்து மின்னஞ்சல் அனுப்பும் ஓய்வுபெற்றவர்களுக்கும் இதற்கு மேல் தேவையில்லை.

தடுக்கி விழும் இடங்கள் வேறு. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கல்களுக்கான டிஎஸ்சி என்ற மின்னணுக் கையொப்ப டோக்கனை லினக்ஸில் ஓட்ட வழிகள் இருந்தாலும், ஏதாவது நின்றால் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவ ஆளிருக்காது. ஜெராக்ஸ் கடைகளில் சளைக்காமல் ஓடும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் தனக்கென ஒரு மொழி வைத்திருப்பதால் லினக்ஸில் அதை ஓட்டுவது பொறுமையைச் சோதிக்கும். ஆகவே முதலில் பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, வட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைக் கிளப்பி, பிரிண்டர், வைஃபை, ஒலி மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்வரலாறு உண்டு. சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய, டெபியன் வழி வந்த பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து வழங்கப்பட்டது. எக்ஸ்பி முடிந்த 2014-இல் துறைகள் தங்கள் கணினிகளில் பாஸ் நிறுவுமாறு அரசு கேட்டுக்கொண்டது. நிறுவுவது எளிது; கற்றுக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆளில்லாத இடத்தில் அது நிலைப்பது கடினம். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் நிலைத்ததற்கு, பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் அதை ஒட்டியே அமைக்கப்பட்டது காரணம்.

ரூஃபஸ் போன்ற கருவியால் தடையைத் தாண்டித் தகுதியில்லாக் கணினியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றலாமே என்பார்கள். ஏற்றலாம், மாதத் திருத்தங்களும் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றைப் பெற உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவைத்திருக்கிறது. ஆண்டுப் பதிப்பு மாறும்போது அதே குறுக்கு வழியில் மறுபடி ஏற்ற வேண்டும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத 2008-க்கு முந்தைய செயலிகளில் கிளம்பவே மறுத்தது. அதுவரை குறுக்கு வழியில் ஓடிக்கொண்டிருந்தவை அங்கே நின்றன. நோண்டிப் பார்ப்பதில் ஆர்வமுள்ளவருக்கு இது சரி. கணக்கு எழுதும் கணினிக்கு வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். எட்டாம் தலைமுறைக் கணினியோ அதற்குப் பிந்தியதோ என்றால் தயங்காமல் 11-க்கு ஏறுங்கள். அதற்கு முந்தியது, விண்டோஸை விட முடியாத வேலை என்றால் எஸ்எஸ்டி போட்டு, நீட்டிப்பில் பதிவு செய்து, 2026 அக்டோபர் 13-க்குள் மாற்றுக் கணினிக்குப் பணம் சேருங்கள். புதியதுதான் வேண்டுமென்பதில்லை, எட்டாம், ஒன்பதாம் தலைமுறை அலுவலகக் கணினிகள் இரண்டாம் கையில் நல்ல நிலையில் கிடைக்கின்றன. உலாவியோடு முடிகிற வேலை என்றால் லினக்ஸ். பழைய நிரலைச் சுமக்கும் கணினி என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு அப்படியே ஓட்டுங்கள். திருத்தமும் இல்லாமல் இணையத்திலும் இருந்துகொண்டு வங்கி வேலையும் பார்ப்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

ஏறுவதென்று முடிவெடுத்தவர்கள் முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள், நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸ் 11-க்கு மேம்படுத்திய பின் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் தருகிறார்கள். அதன்பின் பழைய விண்டோஸ் தானாக அழிக்கப்பட்டுவிடும். பிரிண்டர், ஸ்கேனர், டிஎஸ்சி டோக்கன், டேலி, தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் அந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.